பணியும் தலைமையும் மாறியபோது: டாக்டர் வெங்கடசாமியும் அரவிந்த் கண் மருத்துவமனையும் குறித்த நிகழ்வு ஆய்வு

1976-ஆம் ஆண்டு மதுரை அண்ணாநகரில், ஒரு வீட்டையே மருத்துவமனையாக மாற்றி, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அந்த ஆண்டுதான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பதினொன்றில் 6 படுக்கைகள் பணம் தர இயலாதவர்களுக்கும் 5 படுக்கைகள் கட்டணம் செலுத்துவோருக்கும் ஒதுக்கப்பட்டன. ஐந்து பேர் தரும் பணத்தில் பதினொரு பேருக்கும் மருத்துவம் நடக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு, முதல் நாளிலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. பின்னாளில் அந்த நிறுவனம் ஆண்டுக்குப் பல லட்சம் அறுவைகள் செய்யும் அளவுக்கு வளர்ந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். இங்கே ஆராயப்படுவது அதைவிடக் குறுகலான ஒரு கேள்வி: ஒரு மனிதர் தம் துறையை ஒரு முறையும் பணியிடத்தை ஒரு முறையும் மாற்றிக்கொண்டு, கடைசியில் தலைமையையும் பிறரிடம் விட்டுச் சென்றபோது, அவர் நெஞ்சில் வைத்திருந்த மதிப்பீடுகள் எந்த வழியாகக் கைமாறின?

முதல் திருப்பம்

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்துக்கு அருகேயுள்ள வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்ததும், ஊரில் மருத்துவர் ஒருவர்கூட இல்லாததும் அவரை மருத்துவப் படிப்பை நோக்கித் தள்ளின. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த அவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றே எண்ணியிருந்தார்.

முடக்குவாதம் அந்த எண்ணத்தை முறித்தது. 1948-ல் உடல்நிலை காரணமாக இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவ அறையில் நின்று வேலை செய்யும் உடல் இனி இல்லை என்பது தெளிவானபின், கண் மருத்துவத்துக்கு மாறி, 1951-ல் அத்துறையில் பட்டயம் பெற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவே புதிதாகப் பழகி, பின்னாளில் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகள் வரை செய்யும் நிலைக்கு வந்தார்.

இந்தக் கதை வழக்கமாக நோயை வென்ற மன உறுதியின் கதையாகச் சொல்லப்படுகிறது. அது தவறில்லை என்றாலும், தொழில் மாற்றத்தைப் பற்றிக் கற்க வருபவருக்கு அதில் பிடிமானம் குறைவு. அவர் எதை விட்டார், எதைக் கொண்டுவந்தார் என்று பிரித்துப் பார்த்தால்தான் கதை பேசுகிறது. விட்டது மகப்பேறு என்ற துறையை. கொண்டுவந்தது, அந்தத் துறையைத் தேர்ந்தெடுக்க வைத்த காரணத்தை: தக்க நேரத்தில் ஒரு கைத்தேர்ந்த மருத்துவர் அருகில் இருந்திருந்தால் நேர்ந்திருக்காது என்ற வகையைச் சேர்ந்த இழப்புகளின் மேல் அவருக்கிருந்த தாளாமை. கண்புரையால் வரும் பார்வையிழப்பு அந்த வகையிலேயே முன்னிற்பது. நோயாளி சாவதில்லை, ஆனால் உழைக்க முடியாத ஒருவராக வீட்டின் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். கால் மணி நேரத்துக்குள் முடியக்கூடிய ஓர் அறுவை அவரை மறுபடி வயலுக்கோ அடுப்படிக்கோ அனுப்பிவிடும். துறை மாறியதால் அவருடைய பழைய காரணத்துக்குச் சேதம் வரவில்லை. இன்னும் பெரிய அளவில் செயல்பட ஓர் இடம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். எல்லாத் தொழில் மாற்றங்களும் இவ்வளவு நன்றாகப் பொருந்தி அமைவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அரசுப் பணியில் இருபது ஆண்டுகள்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராகவும், இன்று அரசு இராசாசி மருத்துவமனை என்று அறியப்படும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் அவர் பொறுப்பேற்றார். நிறுவனத்தின் வரலாற்றில் இந்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் முன்னுரையாகக் கடக்கப்பட்டுவிடுகின்றன. எனினும் பின்னாளில் அரவிந்தில் நடைமுறையான பலவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

1960-களில் அவர் கிராமங்களில் கண் முகாம்களை நடத்தத் தொடங்கினார். 1965-ல் நியூயார்க்கில் நடந்த பார்வையற்றோர் மறுவாழ்வு மாநாட்டில், தாமே பார்வையற்றவரும் காமன்வெல்த் நாடுகளின் பார்வையற்றோருக்கான சங்கத்தை நடத்தியவருமான ஜான் வில்சனைச் சந்தித்தது இம்முயற்சிக்கு வெளியிலிருந்து ஒரு வலுச் சேர்த்தது. முகாம்கள் அவருக்குக் கற்பித்த பாடம், கட்டணத்தை நீக்கிவிட்டால் மட்டும் ஏழை வந்துவிட மாட்டார் என்பது. பேருந்துக்குக் காசு வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். மருத்துவமனையில் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற அச்சம் தீர வேண்டும். இலவசம் என்ற சொல்லை மருத்துவர் உச்சரிப்பதற்கும் நோயாளியின் வீட்டில் அது இலவசமாக வந்து சேர்வதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தது. பின்னர் அரவிந்த் நடத்திய முகாம்களில், உள்ளூர் லயன்ஸ் சங்கமோ கோயிலோ ஆலையோ முகாமின் செலவை ஏற்க, அறுவை தேவைப்பட்டவர்களை அன்றே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

1973-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஓய்வூதியமும் பெயரும் இருந்தன. திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதால், ஓய்வுக்குப் பின் அமைதியாக இருப்பதைத் தடுக்கவும் யாருமில்லை.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய வேலை

58-ஆம் வயதில் அரசு வேலையை விட்டு வரும் ஒருவருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்தாரின் நகைகளும் அடகுக்குப் போயின. கோவெல் அறக்கட்டளை என்ற பெயரில் தொடங்கிய அமைப்பில் முதல் பணியாளர்கள் அவருடைய குடும்பத்தாரே: தங்கை டாக்டர் ஜி. நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி, கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்ட பொறியாளரான தம்பி ஜி. சீனிவாசன் ஆகியோர். நாச்சியாரும் நம்பெருமாள்சாமியும் அரசு மருத்துவத்தில் உறுதியான எதிர்காலம் இருந்தும் இந்தப் பக்கம் வந்தவர்கள். தந்தைக்குப் பின் உடன்பிறந்தோரைப் படிக்க வைத்து ஆளாக்கிய அண்ணன் ஒன்றைக் கேட்டால் மறுப்பது எளிதல்ல. இந்த ஆய்வில் அதைத் தியாகம் என்ற ஒரே சொல்லால் மூடிவிட நான் விரும்பவில்லை. தம் மதிப்பீட்டுக்காக ஒருவர் விலை கொடுக்கும்போது அந்த விலையின் ஒரு பங்கைச் சுற்றியிருப்பவர்களும் கொடுக்கிறார்கள். அவர்களுடைய விருப்பம் எந்த அளவு சுயமானது என்பதை வெளியிலிருந்து அளக்க இயலாது.

அறக்கட்டளையின் ஒரு கட்டுப்பாடு இந்தக் காலத்திலேயே உருவானது. அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்புவதில்லை. கட்டணப் பிரிவில் வருவதைக் கொண்டே இரு பிரிவுகளையும் நடத்துவது. மிச்சப்படுவதைக் கொண்டு அடுத்த தளத்தைக் கட்டுவது. 1981-ல் மதுரையில் 250 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. 1984-ல் இலவச நோயாளிகளுக்கென 350 படுக்கைகள் கொண்ட தனிக் கட்டடம் எழுந்தது. 1985-ல் தேனி, 1988-ல் திருநெல்வேலி என ஊர்கள் சேர்ந்தன. ஏழைகளின் பெயரைச் சொல்லி நிதி திரட்டும் தேவை நிறுவனத்துக்கு ஏற்படாததால், ஏழைகளுக்காக நாங்கள் இருக்கிறோம் என்று யாருக்கும் நிரூபித்துக்கொண்டிருக்கும் தேவையும் ஏற்படவில்லை. இந்த விடுதலைதான் தலைமை மாறிய பிறகு மிகப் பெரிய பாதுகாப்பாக அமைந்தது.

மனத்திலிருந்து முறைக்கு

வெங்கடசாமி ஆழ்ந்த ஆன்மிக நாட்டம் உடையவர். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர்மீதும் அவருடைய ஆசிரமத்தை நடத்திய அன்னைமீதும் கொண்ட பற்றினாலேயே மருத்துவமனைக்கு அந்தப் பெயர். ஆனால் பற்று ஒரு தனிமனிதனுடையது. அதை அப்படியே சம்பளப் பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கானோருக்கு ஊட்ட இயலாது. அவர் செய்தது, தம் மனத்தில் இருந்ததை வேலை நடக்கும் முறையாக மாற்றி வைத்தது. மூன்று இடங்களில் இது தெளிவாகத் தெரிகிறது.

அரவிந்தில் நோயாளியிடம் வருமானச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. எந்தப் பிரிவில் சிகிச்சை பெறுவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வசதி உள்ளவர் இலவச வரிசையில் நின்றுவிட மாட்டாரா என்ற கேள்வி எழுவது இயல்பு. இலவசப் பிரிவில் பெரிய கூடமும் பாயும்தான். கட்டணப் பிரிவில் கட்டில், தனியறை, குளிர்சாதனம் என்று படிப்படியாக வசதிகள் கூடுகின்றன. வேறுபாடு வசதியில் மட்டுமே. அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பிரிவுகளுக்கும் சுழற்சி முறையில் மாறி மாறிச் செல்வதால் கைத்திறன் இரண்டிலும் ஒன்றே. ஏழையை ஏழை என்று நிரூபிக்கச் சொல்லாமல் இருப்பது ஒரு மதிப்பீடு; அதை மதிப்பீடாக விட்டிருந்தால், அடுத்த நிர்வாகி செலவைக் காட்டி ஒரு படிவத்தைக் கொண்டுவந்திருப்பார். பாயும் கட்டிலும் அந்தப் படிவத்தின் வேலையைத் தாமே செய்துவிடுகின்றன.

இரண்டாவது, அறுவை அரங்கின் ஒழுங்கு. அமெரிக்கப் பயணங்களில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பண்டம் தருவதைக் கண்டு வியந்த வெங்கடசாமி, அறுவையையும் அப்படி ஒழுங்குபடுத்த முடியும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். (காந்தியத்திலும் அரவிந்த யோகத்திலும் ஊறிய ஒருவர் ஹாம்பர்கர் கடையை முன்மாதிரியாகக் காட்டியது அன்று பலருக்கு வேடிக்கையாகத்தான் பட்டிருக்கும்.) மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள், ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அறுவையைத் தவிர மற்ற வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள், கிராமங்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவமனையில் ‘சிஸ்டர்’ என்று அழைக்கப்படும் இவர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுப்பதில் நாச்சியாரின் பங்கு பெரிது. மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் அறுவைகள் வரை செய்ய முடிவதற்கு இவர்களே காரணம். கிராமத்துப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை என்பதும் செலவுக் குறைப்பு என்பதும் இந்த ஏற்பாட்டில் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன. கணிசமானோர் திருமணத்தோடு வேலையை விட்டுவிடுவதால், பயிற்சி முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது. மருத்துவர்களிலும் பலர், தனியார் மருத்துவத்தில் கிடைக்கும் வருமானத்தை நாடிச் சில ஆண்டுகளில் விலகுவது உண்டு.

மூன்றாவது இடம், நிறுவனம் தன் மதிப்பீட்டிலிருந்து வழுவியதாகத் தானே உணர்ந்த இடம் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. 1980-களில் கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பொருத்தும் முறை பரவத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் புரையோடு சேர்த்து இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, ஊர்ப் பேச்சில் சோடாபுட்டிக் கண்ணாடி என்று சொல்லப்படும் தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவை செய்தவருக்கு மறுபடி பார்வையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலை 100 டாலர் அளவில் இருந்ததால், கட்டணப் பிரிவினருக்கு லென்ஸ், இலவசப் பிரிவினருக்குக் கண்ணாடி என்ற பிளவு அரவிந்துக்குள் நுழைந்தது. மருத்துவர் ஒருவரே, அரங்கு ஒன்றே. கிடைக்கும் பார்வை மட்டும் வேறு. ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும் என்ற கருத்து அக்காலத்தில் கண் மருத்துவ வட்டாரங்களிலேயே வலுவாக இருந்ததால், இந்தப் பிளவோடு சமாதானம் செய்துகொள்ள நல்ல சாக்கு கைவசம் இருந்தது.

அந்தச் சாக்கைப் பயன்படுத்தாமல், பார்வையிழப்பைத் தடுக்கப் பணியாற்றும் அமெரிக்க அமைப்பான செவா அறக்கட்டளையுடனும், அதனோடு பணியாற்றிய டேவிட் கிரீனுடனும் சேர்ந்து 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தை அவர்கள் தொடங்கினார்கள். லென்ஸின் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. கண் மருத்துவமனை நடத்தத் தெரிந்தவர்களுக்குத் தொழிற்சாலை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாத ஒரு தொழிலுக்குள் இறங்குவதை, பழைய கொள்கையைக் கைவிடுவதைவிடச் சிறிய ஆபத்தாக அவர்கள் கருதினார்கள். என் மதிப்பில் அரவிந்தின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு இதுவே. 1976-ல் வீட்டை அடமானம் வைத்ததைவிடவும் இது கனமானது. அன்று பணயம் வைக்கப்பட்டது ஒரு குடும்பத்தின் சொத்து. 1992-ல் பணயம் வைக்கப்பட்டது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம்.

தலைமை கைமாறிய விதம்

நிறுவனர் இறந்த அன்று தலைமை மாறுவதாகப் பத்திரிகைகள் எழுதும். உண்மையில் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மறைந்தபோது, மாற வேண்டியவற்றில் பெரும்பகுதி முன்பே மாறியிருந்தது. 1981-ல் கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்த ஆர்.டி. துளசிராஜ், தொழில்துறை வேலையை விட்டு மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தார். எண்ணிக்கைகளையும் கால அட்டவணைகளையும் வழக்கமாக்கிய அவருடைய வருகையோடு, நிறுவனரின் உள்ளுணர்வு கணக்குப் புத்தகத்தில் பதிவாகத் தொடங்கியது. 1992-ல் லயன்ஸ் சங்கத்தின் துணையோடு தொடங்கப்பட்ட சமூகக் கண் மருத்துவப் பயிற்சி நிறுவனம், பிற மருத்துவமனைகளுக்கு அரவிந்தின் முறைகளைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. போட்டியாளராகக்கூடியவருக்கே தொழிலைச் சொல்லிக்கொடுப்பதில் வணிக அறிவு என்ன என்று கேட்கலாம். அதன் மறைமுகமான பலன் வேறு: பிறருக்குக் கற்றுத்தர வேண்டுமென்றால், நாம் ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதைச் சொற்களில் வைத்தாக வேண்டும். நிறுவனர் உயிரோடு இருந்தபோதே அவரை வந்து கேட்கத் தேவையில்லாத நிலை இப்படி உருவானது. 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் இந்த மருத்துவமனையை வகுப்பறைப் பாடமாக்கியது.

அடுத்துத் தலைமையேற்ற நம்பெருமாள்சாமி, விழித்திரை மருத்துவத்தில் சிறப்புப் பெற்றவர். கண்புரையைப் பெருமளவில் நீக்குவது நிறுவனரின் காலத்துக்குரிய பணியாக இருந்தது. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு அடுத்த தலைமுறையின் பணியாக எழுந்துகொண்டிருந்தது. ஓர் அறுவையோடு தீர்ந்துபோகும் நோய்க்காக அமைந்த முறையை, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டிய நோயாளிக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து, அங்கிருக்கும் சிஸ்டர் பரிசோதிக்க, மருத்துவர் தொலைவிலிருந்து இணையம் வழியாகப் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு விரிந்தது. முகாம் ஆண்டுக்கு ஓரிரு முறை வரும். மையம் தினமும் திறந்திருக்கும். நிறுவனரின் அடையாளமாகவே பார்க்கப்பட்ட முகாமின் இடத்தை ஓரளவு வேறொன்றுக்குக் கொடுக்க அடுத்த தலைமை தயங்கவில்லை என்பதை நான் நல்ல அறிகுறியாகவே கருதுகிறேன். முகாமைப் புனிதப் பொருளாக்கியிருந்தால், அதற்குப் பின்னால் இருந்த கேள்வி, அதாவது நோயாளி ஏன் வருவதில்லை என்ற கேள்வி, மறந்துபோயிருக்கும்.

2008-ல் உலகச் சுகாதாரத்துக்கான கேட்ஸ் விருதும் 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் நிறுவனத்துக்குக் கிடைத்தன. நம்பெருமாள்சாமிக்குப் பின் டாக்டர் ஆர்.டி. ரவீந்திரன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சீனிவாசனின் மகன் டாக்டர் அரவிந்த் சீனிவாசன், கண் அறுவை மருத்துவமும் மேலாண்மையும் சேர்த்துப் படித்தவர், அடுத்த தலைமுறையில் பொறுப்புகளை ஏற்றவர்களில் ஒருவர்.

இந்த வரிசையில் ஒரு நெருடலும் உண்டு. மூன்று தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் அரவிந்தில் பணியாற்றியிருக்கிறார்கள். தலைமைப் பதவிகளும் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்திருக்கின்றன. மதிப்பீடுகள் கைமாறியது நான் மேலே சொன்ன முறைகளாலா, அல்லது ஒரே சாப்பாட்டு மேசையில் வளர்ந்ததாலா என்று ஒருவர் கேட்டால், இந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்து உறுதியான விடை சொல்ல இயலாது. முறைகளின் பக்கம் என் எடை சாய்வதற்குக் காரணம், குடும்பத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத மருத்துவமனைகள் மதுரைக்கு வந்து கற்றுச் சென்று, தங்கள் ஊரில் அறுவைகளின் எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பதே. ஆனால் அவற்றில் இலவசப் பங்கை அரவிந்தின் அளவுக்கு எத்தனை நிறுவனங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்பது தனியே ஆராயத் தக்கது. வேகத்தைக் கற்றுக்கொண்டு செல்வது எளிது. ஆறுக்கு ஐந்து என்ற கணக்கை எடுத்துச் செல்பவர்கள் குறைவாகவே இருக்கக்கூடும்.

2017-ல் அரவிந்த் சென்னையில் மருத்துவமனை திறந்தது. கிராமத்து விவசாயியை மனத்தில் வைத்து உருவான ஒரு முறை, மருத்துவமனைகள் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் நகரத்தில், அதே விதிகளோடு நுழைந்தது. அங்கும் நோயாளியிடம் வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. எந்தப் பிரிவில் பார்த்துக்கொள்வது என்பதை அங்கும் நோயாளியே தீர்மானிக்கிறார்.